ஐரோப்பியரிடம் கற்ற மரபணு மதிப்பெண் மற்றவர்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

கேள்வி இது: அப்பாவுக்கு 61 வயதில் புரோஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மகனுக்கு இப்போது 44. எச்சில் மாதிரி கொடுத்து மரபணு ஆபத்து மதிப்பெண் பார்த்திருக்கிறார். ‘சராசரியைப் போல இரண்டு மடங்கு’ என்று அறிக்கை வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ‘ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது’ என்று ஒரு வரி. அவர் தெற்காசியர். இதை நம்பிக் கவலைப்படுவதா, ஒதுக்கிவிடுவதா என்று கேட்கிறார்.

ஒதுக்க வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த மதிப்பெண் யாருடைய தரவிலிருந்து உருவானதோ அவர்களிடம்தான் அதன் கணிப்பு முழு வலுவோடு நிற்கும். மரபணு அளவில் அவர்களிடமிருந்து விலக விலக அந்த வலு தேயும். ஏன் தேய்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று தெரிந்தால், கையில் இருக்கும் அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதும் தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நோயில் மரபணுவைப் பார்ப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் இரட்டையர்களை வைத்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு, புரோஸ்டேட் புற்றுநோய் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போகும் வேறுபாட்டில் சுமார் 57 சதவீதத்தை மரபணு விளக்குகிறது என்று கணக்கிட்டது. பரவலாகக் காணப்படும் புற்றுநோய்களில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அதைவிடக் கூடுதல். இந்த 57 சதவீதம் ஒரு மக்கள்கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. ‘எனக்கு நோய் வந்தால் அதில் 57 சதவீதம் மரபணுவால்’ என்று படிக்கக்கூடாது. நிறையப் பேர் தடுமாறும் இடம் இது.

மரபு வழி ஆபத்து இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, அரிதான ஆனால் பலமான மாற்றங்கள். பிஆர்சிஏ2 மரபணுவில் வரும் கெடுதலான மாற்றம் அப்படிப்பட்டது. அது ஆபத்தைப் பல மடங்கு உயர்த்துவதோடு, வரும் நோயையும் தீவிரமானதாக ஆக்குகிறது. இன்னொன்று, பலரிடமும் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகள். தனித்தனியாக ஒவ்வொன்றும் ஆபத்தை ஐந்து, பத்து, இருபது சதவீதம் கூட்டும் அல்லது குறைக்கும். எல்லாம் சேரும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரியும். எச்சில் பரிசோதனையில் வரும் மதிப்பெண் இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. முதல் வகைக்குத் தனிப் பரிசோதனை உண்டு. மதிப்பெண் குறைவாக வந்தவர் பிஆர்சிஏ2 மாற்றம் இல்லாதவர் என்று ஆகிவிடாது.

மதிப்பெண் போடும் முறை எளிமையானது. ஒவ்வொரு மாறுபாட்டிலும் ஆபத்தான வடிவம் உங்களிடம் எத்தனை பிரதி இருக்கிறது என்று பார்ப்பார்கள்: பூஜ்யம், ஒன்று அல்லது இரண்டு. அதை அந்த மாறுபாட்டுக்குரிய எடையால் பெருக்குவார்கள். எல்லாவற்றையும் கூட்டுவார்கள். வரும் தொகையை ஒரு ஒப்பீட்டுக் குழுவோடு வைத்து, நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்வார்கள். எந்த மாறுபாடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள், எடைகளை எங்கிருந்து எடுத்தார்கள், ஒப்பீட்டுக் குழு யார் என்ற மூன்று இடங்களிலும் வம்சாவளி உள்ளே வந்துவிடுகிறது.

முதலில் தேர்வை எடுத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் லட்சக்கணக்கில் ஒப்பிட்டு, எந்த டிஎன்ஏ எழுத்து நோயுள்ளவர்களிடம் கூடுதலாக இருக்கிறது என்று தேடுகிறார்கள். அப்படி அகப்படும் எழுத்து பெரும்பாலும் நோய்க்குக் காரணமானது அல்ல. காரணமான எழுத்துக்கு அருகே அமர்ந்து, அதோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் ஓர் அடையாளம் மட்டுமே. ஒருவரை நமக்குத் தெரியாது, ஆனால் அவரோடு எப்போதும் சேர்ந்தே வரும் நண்பரைத் தெரியும். நண்பர் தலை தெரிந்தால் அவரும் வந்திருப்பார் என்று முடிவு கட்டுகிறோம், அதுபோல. அந்த இருவரும் சேர்ந்தே திரியும் ஊரில் இது சரியாக வரும். தனித்தனியாகத் திரியும் ஊரில் தவறிவிடும்.

ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய சிறு குழுக்களின் வழித்தோன்றல்களே ஐரோப்பியரும் ஆசியரும். எண்ணிக்கை சுருங்கிய அந்தக் கட்டத்தைக் கடந்து வந்ததால் அவர்களின் டிஎன்ஏவில் நீளமான துண்டுகள் ஒன்றாகவே கடத்தப்படுகின்றன. அடையாளமும் காரணமும் பிரியாமல் இருக்கின்றன. ஆப்பிரிக்க மக்கள்கூட்டங்கள் பழமையானவை, பெரியவை. தலைமுறைகள் தோறும் டிஎன்ஏ வெட்டி ஒட்டப்பட்டு, சேர்ந்து வரும் துண்டுகள் குட்டையாகிவிட்டன. ஐரோப்பியரிடம் ‘ஆபத்து’ என்று சரியாகச் சுட்டிய அடையாளம், ஆப்பிரிக்க வம்சாவளி ஆண் ஒருவரிடம் எதையும் சுட்டாமல் போகலாம். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. துண்டுகள் குட்டையாக இருப்பதால், ஆப்பிரிக்க வம்சாவளித் தரவைச் சேர்த்தால் உண்மையான காரண எழுத்தை இன்னும் துல்லியமாக நெருங்க முடிகிறது. அந்தத் துல்லியம் எல்லோருடைய மதிப்பெண்ணுக்கும் உதவும்.

ஹாக்ஸ்பி13 என்ற மரபணுவை அருகில் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2012-இல் இதில் ஜி84ஈ என்ற மாற்றம் புரோஸ்டேட் புற்றுநோயின் ஆபத்தைப் பல மடங்கு உயர்த்துவதாகக் கண்டுபிடித்தார்கள். வட ஐரோப்பியரிடம், குறிப்பாக நார்டிக் நாடுகளில், இது கூடுதலாகக் காணப்படுகிறது. பிறகு சீன ஆண்களிடம் அதே மரபணுவில் வேறொரு மாற்றம் அகப்பட்டது: ஜி135ஈ. அதற்கும் பிறகு மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் மூன்றாவது ஒன்று: எக்ஸ்285கே. மரபணு ஒன்றுதான், உறுப்பு ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். எழுத்துப் பிழை மட்டும் மூன்று மக்களிடம் மூன்று இடத்தில். ஜி84ஈ-ஐ மட்டும் தேடும் ஒரு பரிசோதனை, எக்ஸ்285கே சுமந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் ‘ஹாக்ஸ்பி13-இல் ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடும். அந்த வாக்கியம் அவர் உயிரோடு விளையாடுவது.

எட்டாவது குரோமோசோமின் 8க்யூ24 பகுதியும் இப்படித்தான். 2006-இல் வெளிச்சத்துக்கு வந்த இந்தப் பகுதியைக் கண்டுபிடித்ததில், ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்களின் கலப்பு வம்சாவளியை வைத்துச் செய்த ஆய்வுக்கு நேரடிப் பங்கு உண்டு. அங்கே ஆர்எஸ்72725854 என்ற மாறுபாடு ஆபத்தை இரு மடங்காக்குகிறது; பரவலான ஒற்றை மாறுபாட்டுக்கு இது மிகப் பெரிய அளவு. ஆப்பிரிக்க வம்சாவளியில்தான் அது காணப்படுகிறது. ஐரோப்பியரை மட்டும் எத்தனை லட்சம் பேர் சேர்த்து ஆராய்ந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. இல்லாத எழுத்தை எந்தப் புள்ளியியலாலும் கண்டுபிடிக்க முடியாது. ‘ஐரோப்பியத் தரவை வைத்துக்கொண்டு கணித முறையால் சரிசெய்துவிடலாம்’ என்ற பேச்சை நான் பாதிதான் ஏற்பேன். மீதிப் பாதிக்கு, அந்தந்த மக்களிடமிருந்து தரவு வந்தே ஆக வேண்டும்.

வந்திருக்கிறதா? ஓரளவு. 2021-இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு 1,07,247 நோயாளிகளைச் சேர்த்து 269 மாறுபாடுகளைப் பட்டியலிட்டது. அவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினர் 85,554, ஆப்பிரிக்க வம்சாவளியினர் 10,368, கிழக்காசியர் 8,611, ஹிஸ்பானியர் 2,714. 2023-இல் அதே இதழில் வந்த அடுத்த ஆய்வு 1,56,319 நோயாளிகளை எட்டி, மாறுபாடுகளை 451 ஆக்கியது. ஐரோப்பியர் அல்லாத நோயாளிகளின் எண்ணிக்கை 57 சதவீதம் கூடியது. அது பெரிய உழைப்பு. ஆனால் ஐரோப்பியர்களும் சுமார் 43 சதவீதம் கூடி 1,22,188 ஆனார்கள். பங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள்: முதல் ஆய்வில் ஐரோப்பியர் ஏறக்குறைய 80 சதவீதம், இரண்டாவதில் 78. இரண்டு புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்கு இந்த நோய் வருவது வெள்ளையரைவிட சுமார் 70 சதவீதம் அதிகம். இறப்பு இரு மடங்கு. அதிகம் பாதிக்கப்படுபவர்கள் தரவில் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

தெற்காசியர் நிலை? இந்த இரண்டு ஆய்வுகளிலும் ‘ஆசியர்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பவர்கள் பெரும்பாலும் ஜப்பானியரும் சீனரும். தெற்காசியரின் மரபணு வரலாறு வேறு. சொந்தச் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கத்தால் சமூகத்துக்குச் சமூகம் தனித்த அரிய மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆகவே அறிக்கையில் ‘ஆசியருக்கும் சரிபார்க்கப்பட்டது’ என்று போட்டிருந்தால், எந்த ஆசியர் என்று கேட்டுவிடுங்கள்.

இனி, எவ்வளவு தேய்கிறது என்பது. பொதுவாக உயரம், இரத்தப் பரிசோதனை போன்ற உடல் அளவுகளை வைத்து 2019-இல் செய்த ஒப்பீட்டில், ஐரோப்பியத் தரவால் ஆன மதிப்பெண்களின் கணிப்புத் திறன் தெற்காசியரிடம் சராசரியாக 1.6 மடங்கும், கிழக்காசியரிடம் 2 மடங்கும், ஆப்பிரிக்கரிடம் 4.5 மடங்கும் குறைந்தது. புரோஸ்டேட் புற்றுநோயில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பல வம்சாவளிகளைச் சேர்த்துக் கட்டிய 451 மாறுபாட்டு மதிப்பெண்ணில், ஒரு திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் வழக்கமாக விலகி நிற்கும் அளவு) மேலே போனால் ஐரோப்பியருக்கு ஆபத்து 2.2 மடங்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 1.8 மடங்கும் ஆகிறது. பார்க்கச் சின்ன வித்தியாசம். இரண்டு திட்ட விலக்கம் மேலே இருப்பவரை எடுத்துக்கொண்டால் அது 4.8-க்கும் 3.2-க்கும் உள்ள வித்தியாசமாகிவிடும். விளிம்பில் இருப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தானே இந்தப் பரிசோதனையே; அந்த இடத்தில்தான் இடைவெளி பெருகுகிறது.

ஒப்பீட்டுக் குழு என்று சொன்னேனே, அதைக் கவனமாகப் பாருங்கள். 2021 ஆய்வில் ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களின் சராசரி மதிப்பெண் காட்டும் ஆபத்து ஐரோப்பியரைப் போல 2.18 மடங்கு, கிழக்காசியருக்கு 0.73 மடங்கு. நோய் யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்று மருத்துவமனைப் பதிவுகள் காட்டும் திசையும் இதுதான். அதனால் இது முழுக்க உண்மையான வேறுபாடு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 8க்யூ24 போன்ற இடங்களில் வேறுபாடு உண்மையானதுதான். ஆனால் மாறுபாடுகளைப் பெரும்பாலும் ஒரே மக்களிடம் தேடி எடுத்தால், தேடிய விதமே மற்ற மக்களின் சராசரியை மேலோ கீழோ தள்ளிவிடக்கூடும். அந்தத் தள்ளலையும் உண்மையையும் இன்னும் சுத்தமாகப் பிரிக்க முடியவில்லை. ஆகவே மதிப்பெண்ணை அவரவர் வம்சாவளிக்குள் வைத்துப் படிப்பதே பாதுகாப்பானது. ஐரோப்பியரின் வெட்டுப்புள்ளியை எல்லோருக்கும் போட்டால், ஆப்பிரிக்க வம்சாவளியினரில் பெரும்பகுதி ‘அதிக ஆபத்து’ ஆகிவிடும்; கிழக்காசியரில் மிகச் சிலரே அந்த வரிசைக்கு வருவார்கள். இரண்டுமே யாருக்கும் பயன்படாத பதில்.

சரி, அவரவர் பெட்டிக்குள் வைப்போம் என்றால், பெட்டிகளே உண்மையில் கிடையாது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இருப்பவரை எதில் போடுவது? 2023-இல் நேச்சரில் வந்த ஓர் ஆய்வு, ஒரே பெட்டிக்குள் இருப்பவர்களிடம்கூட, மதிப்பெண்ணை உருவாக்கப் பயன்பட்ட தரவிலிருந்து மரபணுத் தூரம் கூடக்கூட மதிப்பெண்ணின் துல்லியம் படிப்படியாகக் குறைவதைக் காட்டியது. சரியான தீர்வு, ஒவ்வொருவருக்கும் அந்தத் தூரத்தைக் கணக்கிட்டு, ‘உங்கள் மதிப்பெண்ணின் நம்பகம் இவ்வளவு’ என்று அறிக்கையிலேயே எழுதுவது. அது செய்ய முடியாத காரியமல்ல.

‘இரண்டு மடங்கு’ என்பது எதன் இரண்டு மடங்கு என்பதும் முக்கியம். இங்கிலாந்தின் பதிவுகளை வைத்துச் செய்த கணக்கில், வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படும் வாய்ப்பு கறுப்பின ஆண்களுக்கு நால்வரில் ஒருவர், வெள்ளையருக்கு எட்டில் ஒருவர், ஆசியருக்குப் பதின்மூன்றில் ஒருவர். பதின்மூன்றில் ஒன்றின் இரண்டு மடங்கு சுமார் 15 சதவீதம். எட்டில் ஒன்றின் இரண்டு மடங்கு 25. மடங்கு மட்டும் எழுதி, வயதுவாரியான முழு ஆபத்தை எழுதாத அறிக்கை அரைகுறை அறிக்கை. இந்த வேறுபாடுகள் எல்லாம் மரபணுவால்தான் என்றும் எண்ணிவிடக்கூடாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அமைப்பில், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான சிகிச்சை கிடைக்கும் இடத்தில், நோய் கண்டறியப்பட்ட கறுப்பின ஆண்களின் இறப்பு வெள்ளையரைவிட மோசமாக இல்லை என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. இறப்பில் உள்ள இடைவெளியில் பெரும்பகுதியைச் சிகிச்சை கிடைப்பதும் கிடைக்காததுமே தீர்மானிக்கின்றன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இந்த மதிப்பெண்ணால் நடைமுறையில் என்ன பயன் என்றால், லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் பார்கோட்1 ஆய்வைச் சொல்ல வேண்டும். 2025-இல் முடிவுகள் வந்தன. 55 முதல் 69 வயது ஆண்களில் 130 மாறுபாடுகளை வைத்து மதிப்பெண் போட்டு, மேல் பத்து சதவீதத்தில் வந்தவர்களுக்கு, பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பி வெளியிடும் புரதம், இரத்தத்தில் அளப்பது) அளவு என்னவாக இருந்தாலும், எம்ஆர்ஐயும் பயாப்ஸியும் (திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். செய்துகொண்ட 468 பேரில் 187 பேருக்குப் புற்றுநோய். அதில் 103 பேருடையது நடுத்தர அல்லது அதற்கு மேலான ஆபத்துள்ளது. வழக்கமான பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ வழியில் போயிருந்தால் அந்த 103-இல் ஏறக்குறைய 72 சதவீதம் தவறிப் போயிருக்கும். நல்ல பலன்தான். ஆனால் மீதி 84 பேரிடம் கண்டது தொந்தரவு கொடுக்காமலே போயிருக்கக்கூடிய வகை. தீவிரமாகப் போகும் நோயையும் மெதுவாகப் போகும் நோயையும் பிரித்துச் சொல்வதில் இந்த மதிப்பெண்கள் இன்னும் பலவீனமானவை. இன்னொன்று, இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். மற்றவர்களுக்கு இதே விகிதம் கிடைக்கும் என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் தொடங்கியிருக்கும், புரோஸ்டேட் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் வழிகளை ஒப்பிடும் டிரான்ஸ்ஃபார்ம் சோதனை, அழைக்கப்படும் ஆண்களில் குறைந்தது பத்தில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று முதலிலேயே வரையறுத்திருக்கிறது. முடிவு வர ஆண்டுகள் ஆகும். ஆனால் கேள்வியைச் சரியான ஆட்களிடம் கேட்கிறார்கள்.

இனி, கேள்வி கேட்டவரின் அறிக்கைக்கு வருகிறேன்.

‘இரண்டு மடங்கு’ என்பதை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ என்று படியுங்கள். பொருத்தம் குறைந்த மதிப்பெண் எல்லோரையும் நடுவை நோக்கித்தான் இழுக்கும். இதே காரணத்தால், உங்கள் சகோதரர் யாராவது பரிசோதித்து ‘சராசரிக்குக் கீழே’ என்று வந்தால், அந்த நிம்மதியையும் அதே அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் நோயால் வரும் இரு மடங்கையும் மதிப்பெண் சொல்லும் இரு மடங்கையும் பெருக்கி நான்கு என்று கணக்குப் போடாதீர்கள். அப்பாவிடமிருந்து வந்த ஆபத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது.

பரிசோதனை செய்தவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மாறுபாடுகள், எடைகள் எந்த மக்களிடமிருந்து, தெற்காசியரிடம் சரிபார்த்தார்களா, எத்தனை பேரிடம், ஒப்பீட்டுக் குழு யார், 50, 60, 70 வயதில் முழு ஆபத்து எவ்வளவு. பதில் வராவிட்டால் அந்த எண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பு தானாகவே குறையட்டும்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு மதிப்பெண் தேவையே இல்லை. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் 45 வயதிலிருந்தும், பிஆர்சிஏ2 மாற்றம் உள்ளவர்களிடம் 40 வயதிலிருந்தும் பிஎஸ்ஏ பரிசோதனை பற்றிப் பேசச் சொல்கிறது. உங்களுக்கு 44. மதிப்பெண் என்னவாக வந்திருந்தாலும் இந்தப் பேச்சை அடுத்த ஆண்டு தொடங்கியிருக்க வேண்டும். பிஎஸ்ஏவிலும் மரபணுவுக்குப் பங்குண்டு: நோய் எதுவும் இல்லாமலே சிலருக்கு அந்த அளவு பிறப்பிலிருந்தே கூடுதல். ஒரே ஒரு பரிசோதனை முடிவை வைத்துப் பயாப்ஸிக்கு ஓட வேண்டாம். மறுபடி எடுத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் முதலில் எம்ஆர்ஐ.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவின் காகிதங்களை எடுப்பேன். அவருக்கு வந்தது எந்தத் தரம், பரவியிருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகம், சினைப்பை, கணையம் இவற்றில் புற்றுநோய் வந்ததா என்று பாருங்கள். அப்பாவின் நோய் தீவிரமானதாக இருந்தாலோ, இந்தப் புற்றுநோய்கள் குடும்பத்தில் இருந்தாலோ, பிஆர்சிஏ2, ஏடிஎம் உள்ளிட்ட மரபணுக்களை முழுதாகப் படிக்கும் பரிசோதனையை முதலில் அப்பாவுக்கே செய்யச் சொல்லுங்கள். நோய் வந்தவரிடம் தேடினால்தான் பதில் தெளிவாக வரும். அவரிடம் மாற்றம் ஒன்று அகப்பட்டால், உங்களிடமும் உங்கள் சகோதர சகோதரிகளிடமும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். முழுதாகப் படிக்கும் பரிசோதனை வேறொரு மக்களிடம் தேர்ந்தெடுத்த அடையாளங்களை நம்பி இருப்பதில்லை. உங்கள் குடும்பத்தின் எழுத்துகளையே நேரடியாகப் படிக்கிறது. தெற்காசியத் தரவு குறைவு என்பதால் ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்ற பதில் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அப்படி வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காமல், ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே முடிவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தரவு சேரச் சேர அத்தகைய முடிவுகளில் பல ‘கெடுதல் இல்லாதது’ என்று வகை மாறுகின்றன.